அப்பா சேர்த்த பழைய வண்டிகளை என்ன செய்வது?

வீடு இருந்தால் பங்கு பிரித்துவிடலாம். நிலம் இருந்தால் அளந்து கல் நட்டுவிடலாம். நகை இருந்தால் தராசு இருக்கிறது. ஆனால் அப்பா முப்பது நாற்பது வருடமாக ஆசை ஆசையாகச் சேர்த்து வைத்த பழைய கார்கள், மோட்டார் சைக்கிள்கள், டிராக்டர்கள்? அவற்றை எப்படிப் பங்கு போடுவது?

பெரும்பாலான குடும்பங்களில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதே இல்லை. அப்பா இருக்கும் வரை அது "அவருடைய பைத்தியம்". அப்பா போன பிறகு அது "இடத்தை அடைக்கும் இரும்பு". இந்த இரண்டுக்கும் நடுவில் சில மாதங்கள்தான் இருக்கும். அதற்குள் ஒரு புரோக்கர் வந்துவிடுவார். மொத்தமாக ஒரு விலை சொல்வார். பிள்ளைகளுக்கு எந்த வண்டி என்ன வண்டி என்றே தெரியாது. வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். சிலர் மனசு வராமல் ஷெட்டைப் பூட்டிச் சாவியை வைத்துக்கொள்வார்கள். பத்து வருடம் கழித்துத் திறந்தால் உள்ளே எலிதான் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கும்.

இரண்டுமே தவறு. பாதுகாப்பது என்றால் பூட்டி வைப்பது அல்ல. எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுப்பது, வைத்துக்கொள்வதற்கு யார் பணம் கட்டுவது என்று அப்பா உயிரோடு இருக்கும்போதே உட்கார்ந்து முடிவு செய்வதுதான் உண்மையான பாதுகாப்பு.

டிராக்டருக்கு ஏன் மரியாதை இல்லை?

பழைய கார் என்றால் எல்லோருக்கும் ஒரு கண் இருக்கிறது. சினிமா ஷூட்டிங்குக்கு வாடகைக்குக் கேட்பார்கள். கல்யாண ஊர்வலத்துக்குக் கேட்பார்கள். பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். பழைய டிராக்டருக்கு அந்த யோகம் இல்லை. அது நேராகக் காயலான் கடைக்குத்தான் போகும், எடைக்கு!

ஆனால் யோசித்துப் பாருங்கள். இந்த நாட்டில் சோறு போட்டது எது? சுதந்திரம் வந்த புதிதில், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க ராணுவம் விட்டுச் சென்ற டிராக்டர்களை வைத்துத்தான் மத்திய டிராக்டர் அமைப்பு தரிசு நிலங்களைத் திருத்தியது. 1959-ல் ஃபரிதாபாத்தில் ஐஷர் கம்பெனி இந்தியாவில் தயாரான முதல் டிராக்டரை வெளியே கொண்டுவந்தது. 1960-ல் சென்னையில் டாஃபே தொடங்கியது. 1971-ல் எச்.எம்.டி. கம்பெனி செக்கோஸ்லோவாக்கியாவின் ஜீட்டர் தொழில்நுட்பத்தில் டிராக்டர் தயாரிக்க ஆரம்பித்தது. 1974-ல் வந்த ஸ்வராஜ், துர்காபூர் ஆராய்ச்சிக் கூடத்தில் நம் ஆட்களே வடிவமைத்தது. பசுமைப் புரட்சி என்று பாடப் புத்தகத்தில் ஒரு பாராவில் முடித்துவிடுகிறோம். அந்தப் பாராவுக்குள் ஓடிக்கொண்டிருந்தவை இந்த டிராக்டர்கள்தான்.

வெளிநாட்டு உதாரணம் வேண்டுமென்றால் ஃபெர்குசன் டி.இ.20. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரத்தில் 5 லட்சத்துக்கும் மேல் தயாரானது. பின்னால் கலப்பையை மூன்று இடத்தில் மாட்டி ஹைட்ராலிக் மூலம் தூக்கி இறக்கும் முறையை ஹாரி ஃபெர்குசன் பிரபலமாக்கினார். இன்றைக்கு ஷோரூமில் நிற்கும் புது டிராக்டரிலும் அதே முறைதான். எவரெஸ்ட்டில் ஏறிய எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரி 4-ம் தேதி தென் துருவத்தை அடைந்தது இந்த ஃபெர்குசன் டிராக்டர்களில் வந்துதான். அதில் ஒன்று ஒரு ஷெட்டில் கிடந்தால், "கிலோ என்ன விலை?" என்று கேட்பது நியாயமா?

ஆகவே பட்டியல் போடும்போது பளபளப்பை மட்டும் பார்க்கக் கூடாது. பென்ஸ் காரைப் பாதுகாக்க உலகத்தில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எச்.எம்.டி.யின் டிராக்டர் பிரிவை மூடிவிட 2016-ல் மத்திய அரசே முடிவு எடுத்துவிட்டது. அந்த வண்டியைக் காப்பாற்ற, அதை வைத்திருக்கும் குடும்பத்தைத் தவிர யார் இருக்கிறார்கள்?

பூட்டி வைத்தால் என்ன ஆகும்?

ஃபிரான்சில் ரோஜே பையோன் என்று ஒருவர். லாரி தொழில் செய்தவர். 1950-களில் இருந்து பழைய கார்களை வாங்கிச் சேர்த்தார். ஒரு மியூசியம் கட்ட வேண்டும் என்பது அவருடைய கனவு. 1970-களில் தொழில் நொடித்தது. சுமார் 50 கார்களை விற்க வேண்டியதாயிற்று. மிச்சம் இருந்தவை பண்ணையில் தகரக் கொட்டகைகளுக்குக் கீழே அப்படியே நின்றன. அவர் காலமானார். அவருக்குப் பின் மகனும் 2013-ல் காலமானார். 2014-ல் ஏலக் கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்தபோது கார்களுக்குள் செடி முளைத்து, சில வண்டிகள் மண்ணோடு மண்ணாகப் போயிருந்தன.

2015 பிப்ரவரியில் பாரிஸில் அந்த சுமார் 60 கார்களும் ஏலம் போயின. அதில் ஒரே ஒரு ஃபெராரி, 250 ஜி.டி. கலிஃபோர்னியா ஸ்பைடர், 1 கோடியே 60 லட்சம் யூரோவுக்கு மேல் போனது. உடனே உலகம் முழுக்க "கொட்டகையில் புதையல்" என்று செய்தி!

இந்தச் செய்தியைப் படித்தவர்கள் "பார்த்தீர்களா, சும்மா விட்டாலே விலை ஏறுகிறது" என்று நினைக்கலாம். அது லாட்டரிச் சீட்டில் ஜெயித்தவனைப் பார்த்து எல்லோரும் சீட்டு வாங்குவது மாதிரி. மொத்த ஏலத் தொகையில் பாதிக்கு மேல் அந்த ஒரு காரே கொடுத்தது. நம் வீட்டு ஷெட்டில் ஃபெராரி இல்லை. அம்பாசிடரும் ஃபியட்டும் ஜீப்பும் ராஜ்தூத்தும்தான் இருக்கின்றன. அவற்றுக்குத் துரு பிடித்தால் அது வெறும் துருதான்.

ஓடாமல் நிற்பதால் வண்டிக்கு ஓய்வு கிடைக்கிறது என்பது பொய். நின்ற இடத்தில்தான் அது சாகிறது. டாங்கில் விட்ட பெட்ரோல் கோந்து மாதிரி ஆகி கார்பரேட்டரை அடைக்கும். டயர் ஒரே இடத்தில் அழுந்திச் சப்பையாகும். பிரேக் ஆயில் காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சி உள்ளேயே துருவை உண்டாக்கும். பேட்டரி அமிலம் கசிந்து அடியில் இருக்கும் தகட்டைத் தின்னும். எலி ஒயரைக் கடிக்கும். வாரம் ஒருமுறை ஒரு நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதும் நல்லதல்ல. இன்ஜின் சூடேறாமல் அணைத்தால் சைலன்சரிலும் ஆயிலிலும் தண்ணீர்தான் தங்கும். மாதம் ஒருமுறையாவது நன்றாகச் சூடாகும் வரை ஓட்டிவிட்டு நிறுத்த வேண்டும். முடியாவிட்டால் பெட்ரோலை வடித்து, பேட்டரியைக் கழற்றி, சக்கரம் தரையில் படாமல் ஸ்டாண்டில் ஏற்றி வைக்க வேண்டும். இதற்குப் பெரிய பணம் வேண்டாம். ஒரு ஆள் வேண்டும்.

காகிதத்தில் யார் பெயர்?

அடுத்த பாடம் அமெரிக்காவில் நெவாடா மாநிலத்து ரீனோ நகரத்தில் இருக்கிறது. வில்லியம் ஹாரா, கேசினோ முதலாளி. சுமார் 1,400 கார்கள் சேர்த்தவர். உலகத்திலேயே மிகப் பெரிய சேகரிப்புகளில் ஒன்று. 1978-ல் அவர் இறந்தார். கார்களைத் தனி அறக்கட்டளையாக அவர் பிரித்து வைக்கவில்லை. 1980-ல் ஹாலிடே இன் கம்பெனி அவருடைய தொழிலை வாங்கியபோது ஓட்டலோடும் கேசினோவோடும் சேர்ந்து கார்களும் கைமாறின. வாங்கியவர்களுக்கு கார் ஒரு சொத்து, அவ்வளவுதான். 1984-ல் தொடங்கி வரிசையாக ஏலம் விட்டார்கள். ஊர் மக்கள் எதிர்த்துக் குரல் கொடுத்த பிறகு 175 கார்கள் ஒரு அறக்கட்டளைக்குக் கொடுக்கப்பட்டன. அவற்றை வைத்து 1989-ல் தேசிய ஆட்டோமொபைல் மியூசியம் திறக்கப்பட்டது.

1,400-ல் 175. இதற்குக் காரணம் ஆசை இல்லாமல் போனது அல்ல, பணம் இல்லாமல் போனதும் அல்ல. ஒரு காகிதம் எழுதாமல் போனது!

இதற்கு நேர்மாறான கதை இங்கிலாந்தில் பியூலி என்ற ஊரில் நடந்தது. மான்டகு பிரபு என்ற எட்வர்டின் அப்பா, அந்த நாட்டில் மோட்டார் கார் வந்த காலத்திலேயே அதற்காகப் பாராளுமன்றத்தில் வாதாடியவர். அவர் 1929-ல் இறந்தபோது மகன் சின்னக் குழந்தை. அப்பாவை நேரில் தெரிந்துகொள்ளவே வாய்ப்பில்லை. அந்த மகன் வளர்ந்து 1952-ல் அப்பாவின் நினைவாகத் தன் வீட்டு முன் ஹாலில் ஐந்து கார்களை நிறுத்தி மக்களுக்குக் காட்ட ஆரம்பித்தார். வீட்டுக்கும் பராமரிப்புச் செலவு இருந்தது, டிக்கெட் வருமானம் அதற்கும் உதவியது. 1972-ல் அது தனிக் கட்டிடத்தோடு தேசிய மோட்டார் மியூசியம் ஆனது. அதை ஒரு அறக்கட்டளை நடத்துகிறது. எட்வர்ட் 2015-ல் காலமான பிறகும் மியூசியம் நிற்கவில்லை.

ஹாராவிடம் 1,400 கார்கள் இருந்தன, எட்வர்ட் தொடங்கியது 5 கார்களில். எண்ணிக்கை முக்கியம் இல்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

நம் பக்கத்திலும் ஒரு உதாரணம் உண்டு. கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு (1893-1974) பஸ் கம்பெனி நடத்தியவர், இயந்திரங்கள் என்றால் உயிரை விடுபவர். அவர் மகன் ஜி.டி. கோபால் முயற்சியில் 2015-ல் அவினாசி ரோட்டில் கார் மியூசியம் திறக்கப்பட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நின்று பார்க்கிறார்கள். அப்பா பெயரில் கல்யாண மண்டபம் கட்டுகிறவர்கள் நிறைய. இப்படியும் ஒரு வழி இருக்கிறது.

விற்பது துரோகமா?

இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் பல பிள்ளைகள் "அப்பா வண்டியை விற்றால் ஊர் என்ன சொல்லும்" என்ற பயத்திலேயே எல்லா வண்டியையும் கெடுத்துவிடுகிறார்கள்.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பியர்ஸ் என்று ஒரு சிற்றூர். அங்கே செவ்ரோலே கார் ஏஜென்சி நடத்திய ஒரு தம்பதி, விற்காமல் மிஞ்சிய வண்டிகளையும் மாற்றுக்கு வந்த பழைய வண்டிகளையும் ஐம்பது வருடம் அப்படியே வைத்திருந்தார்கள். சுமார் 500 வண்டிகள். தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகு, தாங்கள் இருக்கும்போதே 2013 செப்டம்பரில் இரண்டு நாள் ஏலம் விட்டுவிட்டார்கள். ஆயிரக்கணக்கான பேர் வந்து குவிந்தார்கள். 1.3 மைல் மட்டுமே ஓடிய 1958-ம் வருட செவ்ரோலே கேமியோ பிக்கப் 1,40,000 டாலருக்குப் போனது. மொத்தம் 28 லட்சம் டாலர் அளவுக்கு வந்தது.

அந்த வண்டிகள் வெவ்வேறு ஊர்களில், ஆசைப்பட்டு வாங்கியவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. ஒரே இடத்தில் 500 வண்டிகள் துருப்பிடிப்பதை விட 500 வீடுகளில் ஒவ்வொன்று நன்றாக இருப்பது மோசமா என்ன?

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு குடும்பத்தில் 12 பழைய வண்டிகள் என்று வைத்துக்கொள்வோம். ஷெட், இன்சூரன்ஸ், டயர், பேட்டரி, மெக்கானிக் கூலி எல்லாம் சேர்த்து ஒரு வண்டிக்கு வருடத்துக்கு 25,000 ரூபாய் என்றால், 12 வண்டிக்கு 3 லட்சம். பத்து வருடத்தில் 30 லட்சம். மாதச் சம்பளம் வாங்கும் ஒரு மகனோ மகளோ இதைத் தாங்க முடியாது. முதல் இரண்டு வருடம் பாசத்தில் செலவு செய்வார்கள். மூன்றாம் வருடம் பிள்ளைக்குக் காலேஜ் ஃபீஸ் வரும். அதோடு கதை முடிந்தது.

அதையே வேறு மாதிரி பார்க்கலாம். 12-ல் நல்ல விலை போகும் இரண்டு வண்டிகளை விற்று 25 லட்சம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை பேங்கில் 7 சதவீத வட்டிக்குப் போட்டால் வருடத்துக்கு 1,75,000 ரூபாய். மிச்சம் இருக்கும் பத்தில் ஐந்தைத் தெரிந்த ஆட்களுக்கும் ஒரு விவசாயக் கல்லூரிக்கும் கொடுத்துவிட்டால், கையில் இருக்கும் ஐந்து வண்டிக்குச் செலவு 1,25,000. மீதி 50,000-ஐ அசலோடு சேர்த்துக்கொண்டே வந்தால் விலைவாசி ஏறினாலும் ஓரளவு தாக்குப் பிடிக்கும். யார் சம்பளத்திலும் கை வைக்க வேண்டாம். இரண்டு வண்டிகள் போய் ஐந்து வண்டிகளுக்குச் சோறு போடுகின்றன. இதில் துரோகம் எங்கே இருக்கிறது?

சட்டம் என்ன சொல்கிறது?

அப்பா இறந்தால் வண்டிகள் தானாகப் பிள்ளைகள் பெயருக்கு வந்துவிடாது. 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆர்.சி.யில் நாமினி பெயர் போட்டுக்கொள்ளும் வசதி 2021-ல் வந்துவிட்டது. எத்தனை பேர் போட்டிருக்கிறார்கள்?

அதே 2021-ல் விண்டேஜ் வண்டிகளுக்கென்று மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத, சொந்த உபயோகத்துக்கான இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு "வி.ஏ." என்ற எழுத்துகளோடு தனி நம்பர். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, ரிப்பேர் போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். தினசரி ஓட்ட முடியாது. நல்ல விதிதான். ஆனால் காரையும் பைக்கையும் மனதில் வைத்து எழுதியது. வயலில் உழைத்த டிராக்டரைப் பாரம்பரியம் என்று யாரும் இன்னும் நினைக்கவில்லை. அரசு அதையும் யோசிக்க வேண்டும்.

வரியும் இருக்கிறது. 1983-ல் 20,000 ரூபாய்க்கு வாங்கிய 1931 மாடல் ஃபோர்டு டூரர் காரை ஒருவர் பிறகு 21 லட்சத்துக்கு விற்றார். சொந்த உபயோகப் பொருள், ஆகவே வரி இல்லை என்றார். அந்தக் காரைச் சொந்தமாக உபயோகித்ததற்கு ஆதாரம் இல்லை என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2025-ல் அவருக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது. பில், ரிப்பேர் ரசீது, இன்சூரன்ஸ், ராலி சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு வைப்பது எவ்வளவு முக்கியம் என்று இதிலிருந்து தெரிகிறது.

இன்னொன்று. "வண்டியெல்லாம் பையனுக்கு" என்று எழுதாத சட்டம் ஒன்று நம் வீடுகளில் இருக்கிறது. உயில் எழுதாமல் அப்பா போனால் மகளுக்கும் அதில் சம பங்கு உண்டு. பல வீடுகளில் அப்பாவோடு ஷெட்டில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றது மகளாகத்தான் இருக்கும். யாருக்கு அக்கறை இருக்கிறதோ அவர்கள் கையில் சாவி போக வேண்டும். அது மகனா மகளா என்பது வண்டிக்குத் தெரியாது.

வண்டியை விட முக்கியமானது

பழைய வண்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. சோக்கை எவ்வளவு இழுக்க வேண்டும், எந்த கியர் தானாகக் கழன்று வரும், எந்த போல்ட்டை இறுக்கினால் உடையும் என்பதெல்லாம் அப்பாவுக்கும் அவருடைய மெக்கானிக்குக்கும் மட்டுமே தெரியும். ஜெர்மனியின் பழைய லான்ஸ் புல்டாக் டிராக்டரை ஸ்டார்ட் செய்ய முன்னால் இருக்கும் குமிழை ப்ளோ லாம்ப் வைத்துச் சூடாக்கி, ஸ்டியரிங்கைக் கழற்றிப் பக்கத்தில் மாட்டிச் சுற்ற வேண்டும். இது தெரியாதவனிடம் அந்த டிராக்டர் இருந்தாலும் அது வெறும் இரும்புக் குவியல்தான்.

இரும்பைக் காப்பாற்ற ஷெட் போதும். இந்த அறிவைக் காப்பாற்ற ஷெட் போதாது. கையில் இருக்கும் செல்போனே போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வண்டி. அப்பா ஸ்டார்ட் செய்வதையும், எங்கே வாங்கினார், யாரிடம் வாங்கினார், என்ன விலை, எந்த பாகம் எங்கிருந்து வந்தது என்று சொல்வதையும் படம் பிடித்து வைக்க வேண்டும். வண்டி எண், சேஸிஸ் எண், ஆர்.சி. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராக "வைக்க", "கொடுக்க", "விற்க" என்று அப்பா கையாலேயே எழுதி வாங்க வேண்டும்.

இதைக் கேட்பது கஷ்டம்தான். "நான் சாவதற்கு முன்னாடியே கணக்குப் போடுகிறாயா?" என்று அப்பா கோபப்படலாம். சில வீடுகளில் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இருக்காது. ஆனாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும். விலையைக் கேட்டுக்கொண்டு போகாமல் கதையைக் கேட்டுக்கொண்டு போனால் பெரும்பாலான அப்பாக்கள் பேசுவார்கள். அத்தனை வருடம் யாரும் கேட்கவில்லையே என்றுதான் அவர்கள் காத்திருக்கிறார்கள். மெக்கானிக் அண்ணனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டால், அப்பா மறந்ததை அவர் எடுத்துக் கொடுப்பார்.

எல்லா வண்டியையும் காப்பாற்ற யாராலும் முடியாது. இரண்டு வண்டி ஓடுகிற நிலையில், காகிதம் சரியாக, கதையோடு அடுத்த தலைமுறைக்குப் போனாலே பெரிய விஷயம். அந்த இரண்டில் ஒன்றாவது டிராக்டராக இருக்கட்டும்.